கிரவுண்டுக்குப் பேர் எழுதினோம்

எங்கள் தோட்டத்துப் பந்துக் கழகத்துப் பையன்கள் நினைவு மலர் ஒன்று அச்சடிக்கப் போகிறார்களாம். வரலாற்றை நான்தான் எழுதித் தர வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யார் தொடங்கியது, எங்கே எல்லாம் போய் விளையாடியது, யார் யார் தலைவராக இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. வாசித்துப் பார்த்த ஒருவன், "நல்லா இருக்குக்கா. ஆனா கடைசியில சட்டுன்னு முடிஞ்சிருச்சே" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பக்கம்தானே கேட்டீர்கள், அதற்குள் இவ்வளவுதான் அடங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். எழுதக் கை வரவில்லை. அதில் வராததை இங்கே எழுதுகிறேன்.

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பஸ்ஸில் வந்து, இறங்கி முக்கால் மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். கழகத்தைத் தொடங்கியது என் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும். அந்தக் காலத்தில் தோட்டத்தை நிர்வகித்த துரை, தேயிலை பட்டுப்போன ஒரு சரிவைப் பந்து விளையாடக் கொடுத்தார். கொடுத்தார் என்று சொல்வது மரியாதைக்கு. ஒன்றும் விளையாத இடத்தைக் கையால் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மற்றதை எங்கள் ஆட்கள் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் மம்பட்டியால் மேட்டை வெட்ட, பெண்கள் கொழுந்துக் கூடையில் மண் சுமந்து பள்ளத்தில் கொட்டினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வேலை நடந்ததாம். அப்படியும் நிலம் சமமாக வரவில்லை. ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தது. மேல்கோல், கீழ்கோல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த அணிகள் எல்லாம் வரும்போது அதைப் பார்த்துச் சிரிக்கும். போகும்போது சிரிக்காது.

முதல் ஜேர்சி, துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்த வெள்ளைப் பனியன். மழையில் ஆடினால் நீலம் காற்சட்டையில் இறங்கி, முழங்காலில் இறங்கி, ஆட்டம் முடியும்போது பதினொரு பேரும் கிருஷ்ணர் வேஷம் கட்டியதுபோல் இருப்பார்களாம். முதல் பந்தை வாங்கியது பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பை அவர் சும்மா கொடுத்தார் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பந்து தேயிலைக்குள் விழுந்தால், அடித்தவனே போய் எடுக்க வேண்டும், ஒரு கிளை முறியக் கூடாது. முறிந்தால் மறுநாள் கங்காணி அப்பாவிடம் வந்து நிற்பார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பெரட்டு வைப்பார். முதலில் கேலிக்குத் தொடங்கியது, பிறகு அது இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்கவே மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. கோல் போட்டவனுக்கு முழுப்பேர், கோலைத் தடுத்தவனுக்கு முழுப்பேர், சும்மா ஓடித் திரிந்தவனுக்கு அரைப்பேர் என்று ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பு வேறு சொல்வார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களிடம் பேர் என்றால் கூப்பிடுகிற பேர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலையும் பேர்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். வீடோ, வெள்ள நிவாரணமோ, பிள்ளைகளுக்குச் சப்பாத்தோ, எது வருவதாக இருந்தாலும் முதலில் ஒருவர் பேர் எழுத வருவார். அந்த நேரத்தில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தால் விட்டுப்போய்விடும். ஆகவே கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு யார் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். ஏதோ கொடுக்கப் போகிறார்கள், பேரைக் கொடுத்துவிட வேண்டும்.

நான் பசறையில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலை செய்கிறேன். சிங்களம் நன்றாக எழுதுவேன். அலுவலகங்களுக்குப் போகிற கடிதம் சிங்களத்தில் போனால்தான் மேசையில் நிற்கும் என்பதால், கழகத்துக் கடிதங்களை எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து நான்தான் எழுதினேன். செயலாளர் என்று எப்போதும் ஒரு ஆண் இருப்பான், அவன் கீழே கையெழுத்துப் போடுவான். பந்தை ஒருநாளும் நான் உதைத்ததில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்றார்கள். கடிதம் மட்டும் பொம்பளைப் பிள்ளைதான் எழுத வேண்டியிருந்தது.

அப்பாவுக்குப் பிறகு கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர் எங்கள் கோல்காப்பாளர். என்னைவிட நாலு வயது மூத்தவர். மேல் லயத்துக்காரர். அவரை அண்ணன் என்றும் அவர் அம்மாவைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை, லயத்தில் முறை வைத்துத்தான் எல்லோரையும் கூப்பிடுவோம். பெரியம்மா இளவயதில் அந்தக் கிரவுண்டுக்கு மண் சுமந்தவர். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். கொழுந்து எடுத்து ஒரே மகனை வளர்த்தார். அந்த மகன் கோலில் நின்றால், எதிர் அணிக்காரன் பந்தோடு கிட்டே வரும்போது முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தை வைத்து, "புடிச்சிட்டானா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஒருமுறை பதுளை டவுனில் பெரிய ஆட்டம். மூன்று பெனல்டியை அண்ணன் தடுத்தும் தோற்றுப்போனோம். பெரியம்மா நடுவரை வழி மறித்துத் தமிழில் கிழி கிழி என்று கிழித்தார். அந்த மனிதருக்கு ஒரு சொல் புரியவில்லை. ஏதோ வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வருகிற பஸ் முழுக்க அந்தச் சிரிப்புதான், தோற்றதை மறந்துவிட்டோம்.

பிறகு மற்றத் தோட்டங்களில் நடந்ததே எங்களிடமும் நடந்தது. பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். அண்ணனும் போனார். கழகம் தைப்பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மட்டும் உயிர் பெறும். மற்ற நாளில் அது போனுக்குள் இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளுக்காகத்தான் அவர்கள் வருடம் முழுக்கக் கொழும்பில் மூட்டை தூக்கினார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. ஊருக்கு வந்ததும் பையை வீட்டில் வைக்குமுன் கிரவுண்டை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துடையது, நடக்கிற ரோடு தோட்டத்துடையது. நம்முடையது என்று வாய்விட்டுச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அப்படி இருக்கும்போது மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் கருவிகளோடு வந்து அளந்து, சுவரில் ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு காம்பரா ஆட்களும் அங்கிருந்து மாற வேண்டும். வீடு கட்டச் சமமான இடம் வேண்டும். தோட்டத்தில் ஓரளவுக்காவது சமமான இடம் ஒன்றே ஒன்றுதான். நிர்வாகம் கிரவுண்டைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். தேயிலை நிற்கிற காணியில் ஒரு முழம் விடமாட்டார்கள். எங்கள் ஆட்கள் மண் சுமந்து உண்டாக்கிய இடத்தைக் கொடுக்க மட்டும் மனசு தாராளமாகிவிட்டது. கொழும்பிலிருந்து பையன்கள் வரிசையாகப் போன் எடுத்தார்கள். அண்ணனும் எடுத்தார். வீடு வேண்டும்தான், ஆனால் வேறு இடத்தில் கேட்போம், கிரவுண்டை மட்டும் விட்டுவிடக் கூடாது என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். ஒரு இரவும் பகலும் யோசித்து, என் வாழ்க்கையிலேயே மிக நல்ல கடிதத்தை எழுதினேன். மைதானத்தில் வீடு கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை, மாற்றுக் காணி தர வேண்டும் என்று கேட்கிற கடிதம். அடியில் கையெழுத்துகள் வேண்டும். அதிலும் மேல் லயத்து ஆட்களின் கையெழுத்து வேண்டும். ஆபத்தில் இருக்கிறவர்களே வேண்டாம் என்று சொன்னால்தான் கடிதத்துக்குப் பலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் போனேன். என்ன என்று கேட்டவர்களிடம், "கிரவுண்டுக்குப் பேர் எழுதுறோம்" என்றேன். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. கழகத்தில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். கிரவுண்டைக் காப்பாற்றப் பேர் எழுதுகிறோம் என்பது அதற்கு அர்த்தம். ஆண்கள் முக்கால்வாசிப் பேர் ஊரில் இல்லை. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வாசித்துப் பார்க்க யாருக்கும் சிங்களம் தெரியாது. நான் கொண்டுவந்த தாள் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

பெரியம்மா அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்தார். பேனாவை வாங்கி, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசி எழுத்தின் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "பேர் குடுத்தாச்சு. இனி எப்ப புள்ள நாங்க கிரவுண்டுக்குக் குடி போறது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் பேர் எழுதுகிறேன் என்று நினைத்துத்தான் இவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருக்கலாம். பெரியம்மா, இது வீடு கேட்கிற கடிதம் இல்லை, அங்கே வீடு வேண்டாம் என்கிற கடிதம் என்று ஒரு வரி. வாய்வரை வந்தது. சொன்னால் கையெழுத்துப் போட்ட எல்லோரும் தாளைத் திருப்பிக் கேட்பார்கள். அடித்து வெட்டிய தாளை எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள். எப்படியும் மாற்றுக் காணி கிடைக்கப் போகிறது, வீடு எங்கே வந்தால் என்ன, வந்தால் சரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "பாப்போம் பெரியம்மா, சீக்கிரம் நடக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனேன்.

கடிதம் வேலை செய்தது. கிரவுண்டில் வீடு கட்டுவதை நிறுத்தி வைத்து, வேறு காணி பார்க்கச் சொன்னார்கள். போனில் பையன்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்து ஒரு ஆட்டம் போட்டார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரட்டில் என் பேரையும் கூப்பிட்டு, தங்கச்சிக்கு முழுப்பேர் என்று அண்ணன் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியம்மாவும் தட்டினார். எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

வேறு காணி வரவில்லை. பார்க்கிறோம் என்றார்கள், அளக்கிறோம் என்றார்கள், நிர்வாகத்தோடு பேசுகிறோம் என்றார்கள். பசறையில் சந்தைக்கு வந்தால் பெரியம்மா கடைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். பீலியடியில் பார்த்தால் கேட்பார். கோயிலில் பார்த்தால் கேட்பார். "நம்ம பேர் வந்துருச்சா புள்ள?" என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்பேன். எங்காவது தூரத்தில் அவரைக் கண்டால் வேறு பாதையால் போகத் தொடங்கினேன். அப்படிப் போன ஒவ்வொரு நாளும் எனக்கு என்மேல் எரிச்சலாக வரும், அந்த எரிச்சலை வீட்டில் இருப்பவர்கள்மேல் காட்டுவேன்.

பிறகு அந்த மழை வந்தது. நாலு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் இரவு மேல் லயத்தில் எல்லோரையும் எழுப்பிக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரியம்மாவும் வந்தார். கட்டிய சேலையோடு வந்தவர்கள்தான் எல்லோரும். நாலாம் நாள் காலையில் நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிராம சேவகர் வருகிறார், பேர் எழுதப் போகிறார்கள், அடையாள அட்டையை எடுத்து வையுங்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அரிசி, பருப்புக் கொடுப்பதற்காக எழுதுகிற பேர் அது.

பெரியம்மா என்னிடம் வந்தார். "வீட்டுக்கா புள்ள?" என்று கேட்டார்.

என் கையில் தேநீர்க் கேத்தல் இருந்தது. எதிரில் இருபது கோப்பைகள் நீண்டிருந்தன. அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதுமே ஒழுங்கான பதில் இருந்ததில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல் ஆட்டினேன்.

அடையாள அட்டை காம்பராவில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்று பக்கத்தில் இருந்த ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அரிசிக்குத்தான் பேர் எழுதுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார். அட்டை இல்லாவிட்டாலும் அங்கே பட்டினி போட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பேர் விட்டுப்போனால் போனதுதான். அவர் போய் அரை மணி நேரம் இருக்கும், மலை இறங்குகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு காம்பராவும் மண்ணுக்குள் போனது. அதில் ஆள் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

ரோடு பல இடத்தில் அடைந்து கிடந்ததால் அண்ணன் பசறையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மறுநாள் பிற்பகல்தான் பெரியம்மாவை எடுத்தார்கள். கிடத்துவதற்கு வேறு இடம் இல்லை. கிரவுண்டில்தான் கிடத்தினோம். எங்கள் கழகத்துப் பையன்கள்தான் தூக்கினார்கள். நான் கிட்டே போகவில்லை. போய் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தூரத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு யாரும் மாற்றுக் காணியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டே மாதத்தில் கிரவுண்டில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். கழகமும் ஒரு சொல் சொல்லவில்லை. மேல்கோல் கம்பங்களைப் பையன்களே பிடுங்கிக் கொடுத்தார்கள். இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இடம் கொடுத்தால் விளையாடுகிறார்கள், கொடுக்காவிட்டால் இல்லை.

அண்ணன் ஒரு நாள் நான் வேலை செய்கிற கடைக்கு வந்தார். பெரியம்மாவுக்குச் சேர வேண்டிய வீட்டுக்காக அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஃபைலைப் புரட்டிய ஒருவர், உங்கள் அம்மாதான் அங்கே வீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று காட்டியிருக்கிறார். அண்ணன் அதை ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார். தாளை மேசையில் விரித்தார். என் கடிதம். கீழே, எழுத்து எழுத்தாக, பெரியம்மாவின் பேர்.

கடிதம் போனது அவருக்குத் தெரியும், அதில் அம்மா கையெழுத்துப் போட்டது தெரியாது. பேர் கொடுத்திருக்கிறேன் என்று அம்மா ஒருநாள் போனில் சொன்னதாம், எதற்கு என்று இவர் கேட்கவில்லையாம். அதற்கு முந்தின கிழமைதான், கிரவுண்டு போய்விட்டால் ஊருக்கு வருவதற்கு எனக்கு என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஒரு சொல்லுக்காக எங்கம்மா வீட்டையே வேணான்னு போட்டுருச்சு தங்கச்சி" என்றார். "நாந்தான் கொன்னுட்டேன்."

பொறுக்க முடியவில்லை. இந்தப் பழியை இந்த மனிதர் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். கிரவுண்டுக்குப் பேர் எழுதுகிறோம் என்று நான் சொன்னதை, பெரியம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை, விளங்கியும் நான் வாயை மூடிக்கொண்டு வந்ததை, கேத்தலோடு நின்று தலையை ஆட்டியதை. எதையும் மறைக்கவில்லை. நீங்கள் கொல்லவில்லை, பழி என்னுடையது என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப அம்மா வீடு கேட்டுச்சா?"

"கேட்டாங்கண்ணே. என்னயப் பாக்குறப்பல்லாம் கேட்டாங்க."

அவர் தாளை எடுத்து மடித்தார். சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்காகப் போட்டுச்சுன்னு நெனச்சுத்தான் தங்கச்சி இத்தன நாளா அழுதுக்கிட்டு இருந்தேன்" என்றார். "அதுவும் இல்லையா?"

இல்லை என்று சொன்னேன்.